மூன்றாம் நாள் காய்ச்சல்

என் கண்ணு செல்விக்கு,

இதை எழுதும்போது உனக்கு மூன்று வயது இன்னும் நிரம்பவில்லை. நீ படிக்கும்போது கல்யாணம் பேசுகிற வயதில் இருப்பாய், அல்லது உன் இடுப்பிலேயே ஒரு பிள்ளை இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் இது உன் கைக்கு வந்துவிடக் கூடாது என்று உறையில் போட்டு ஒட்டி, என் டிப்ளமா சர்ட்டிஃபிகேட்டோடு பெட்டியில் வைக்கப் போகிறேன். உனக்கு முன்னால் வேறு நாலு பேர் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். உன் அம்மா சரோஜா போய் ஒரு வருஷம் ஆகிறது. மாசி மகத்துக்குப் போட்ட காலரா ஊசியால்தான் அவள் செத்தாள் என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அது பொய். அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னபோது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணமான புதிதில் பீங்கான் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் ஒன்றில் குடியேறினோம். எனக்குச் சூளையில் ஷிப்டு சூப்பர்வைசர் வேலை. சரக்கை அடுக்கித் தீ மூட்டிவிட்டால் மணிக்கு ஒரு தரம் சூட்டைப் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். ஏறி, உச்சியில் கொஞ்ச நேரம் நின்று, இறங்கும். போன தடவை போலவே இந்தத் தடவையும் கோடு வந்தால் சரக்கு நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். இறங்குகிற நேரத்தில் அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டு அத்தனை கோப்பையும் விரிசல் விட்டுவிடும். அதனால் எங்களுக்குச் சொல்லித் தந்ததெல்லாம் பொறுத்திருக்கத்தான். தாளைப் பார், கையைக் கட்டிக்கொண்டு நில். நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன்.

மாசி மகம் நெருங்கினால் ஊருக்குள் கூட்டம் சேரும், மணிமுத்தாற்றில் எல்லாரும் இறங்குவார்கள், வாந்தி பேதி வரும் என்று சுகாதார இலாகாக்காரர்கள் தெருத்தெருவாக வந்து ஊசி போடுவார்கள். எங்கள் லைனுக்கு வருகிறவர் ஸ்டெல்லா நர்ஸம்மா. நாற்பது வயது இருக்கும். ஸ்பிரிட் விளக்கும் ஊசிப் பெட்டியும் வைத்த கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அந்த முதல் வருஷம் உன் அம்மாவும் நானும் அடுத்தடுத்து நின்று போட்டுக்கொண்டோம். சாயங்காலத்துக்குள் இரண்டு பேருக்கும் கை பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. உடம்பெல்லாம் வலி. காய்ச்சல் நூற்றொன்று. ஒரே பாயில் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்ப முடியாமல் கிடந்தோம். எனக்கு அந்த நிலையிலும் தொழில் புத்தி போகவில்லை. மணிக்கு ஒரு தரம் எழுந்து இரண்டு பேர் சூட்டையும் தெர்மாமீட்டரில் பார்த்து, தொழிற்சாலைத் தாளின் பின்பக்கத்தில் புள்ளி வைத்தேன்.

"என்னாங்க, நான் என்னா நீங்க சுடுற ஜாடியா? வாயில அந்தக் குச்சிய வெச்சா பேசவே வுட மாட்றீங்க" என்றாள் உன் அம்மா.

"பேசாம இரு. அஞ்சு நிமிஷம்."

"உங்க ஜாடி வெந்துடுச்சான்னு மட்டும் சொல்லுங்க. எறக்கி வெச்சிட்டுச் சோறாக்கணும்."

மறுநாள் மத்தியானத்துக்குள் இருவருக்கும் இறங்கிவிட்டது. அடுத்த வருஷம் நீ வயிற்றில் இருந்ததால் அவளுக்குப் போடவில்லை. அதற்கு அடுத்த வருஷம் போட்டார்கள். மறுபடியும் நான் புள்ளி வைத்தேன். ஊசி போட்ட ஆறாவது மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, மறுநாள் மத்தியானத்துக்குள் இறங்கியது. பழைய தாளை மேலே வைத்துப் பார்த்தால் கோட்டின் மேல் கோடு அப்படியே உட்கார்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டெல்லா நர்ஸம்மா அந்தப் பக்கம் வந்தபோது கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "அழகா போட்டிருக்கீங்க சார். எங்க டாக்டரு கூட இப்பிடிப் போட மாட்டாரு" என்று சிரித்துக்கொண்டே போனார். இதை உனக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் முட்டாளாக இருந்து அந்தத் தப்பைச் செய்யவில்லை. நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு செய்தேன்.

போன வருஷம் உனக்கு நடை வந்து ஓட ஆரம்பித்திருந்த சமயம். ஊரில் எங்கே பார்த்தாலும் இருமல், சளிக் காய்ச்சல். தொழிற்சாலையில் பாதிப் பேர் வரவில்லை. நான் டபுள் ஷிப்டு பார்த்தேன். அந்த வாரத்தில்தான் ஊசிக்காரர்களும் வந்தார்கள். உன் அம்மா போட்டுக்கொண்டாள். சாயங்காலம் காய்ச்சல் வந்தது, மறுநாள் இறங்கியது. தாளில் புள்ளி வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் உடம்பு கொதித்தது. இருமினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். என்னுடைய தாளில் மூன்றாம் நாளுக்கு இடமே இல்லை. அதைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும். மாறாக, இந்தத் தடவை மருந்து கொஞ்சம் கெட்டியாக வந்திருக்கும், அதனால் கோடு நீளுகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் இருந்த முத்தையனின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமே சரோஜா" என்றாள். உன் அம்மா, "அவரு படிச்சவரு அக்கா. அவருக்குத் தெரியும்" என்றாள். நான் சட்டை மாட்டிக்கொண்டே அதைக் கேட்டேன். கேட்டு, மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது ஸ்டெல்லா நர்ஸம்மா எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தியிருந்தார். ஊசி போட்ட வீடுகளை ஒரு சுற்றுப் பார்க்க வந்தவர். உன் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சார், ஊசி ஜுரம் எறங்கிட்டு மூணாம் நாளு மறுபடியும் ஏறாதுங்க. கையில வீக்கம் கூட வடிஞ்சிருச்சு பாருங்க. இது ஊருல எல்லாருக்கும் வர்ற சளி ஜுரம். நெஞ்சுல கட்டியிருக்குது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கிட்டு போயிடுங்க."

"அது தானா எறங்கிடும்மா. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன். போய் அந்தத் தாளை எடுத்துவந்தேன். ஆமாம் செல்வி, உன் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்க, நான் தாளை நீட்டி அந்த அம்மாவுக்குக் கோட்டை விளக்கினேன். அவர் தாளை வாங்கவே இல்லை.

"தாளு கெடக்கட்டும் சார். மூஞ்சியப் பாருங்க. உதட்டப் பாருங்க."

"ஊசி போடுறது உங்க வேல, போட்டுட்டீங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

இதுதான் நான் சொன்ன வார்த்தை. ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. அவர் உன் அம்மாவிடம் குனிந்து, "நீயாவது போம்மா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் அவளால் ஒரு வார்த்தையை முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்தவுடன் நுரையீரல் இரண்டு பக்கமும் கெட்டிப்பட்டுவிட்டது என்றார். "ரெண்டு நாளு முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல், ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னார். மறுநாள் விடிந்தபோது உன் அம்மா இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. காரியம் முடிந்து ஷிப்டுக்குப் போனேன். புள்ளிகளைச் சரியாக வைத்தேன். அந்தத் தடவை சூளைச் சரக்கு ஒன்றுகூட விரிசல் விடவில்லை என்று மேனேஜர் சொன்னார். அது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். உடம்பில் ஊசி குத்தி மரத்துப்போன இடம் மாதிரி இருந்தது எல்லாம்.

உன் அம்மாவின் அண்ணன் கோதண்டம் மாமா ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சாவுக்கு வந்தவர், யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்த ஸ்டெல்லா நர்ஸம்மாவை வாசலிலேயே மறித்தார். "நல்லா இருந்த பொண்ண ஊசியப் போட்டுக் கொன்னுட்டு, எழவு கேக்க வந்தியா? இந்தத் தெருவுல இனிமே கால வெச்சிப் பாரு" என்று கத்தினார். லைனே கூடி நின்றது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. நான் மூன்றடி தூரத்தில், சுவரில் சாய்ந்து நின்றேன். நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு வாக்கியம் போதும். திறக்கவில்லை. அவர் திரும்பிப் போனார். அன்றைக்கு எனக்குச் சக்தி இல்லை என்று உன்னிடம் சொல்லலாம், நீ நம்பவும் செய்வாய். ஆனால் அடுத்த வாரமும் சொல்லவில்லையே. அதற்கு அடுத்த மாதமும் சொல்லவில்லையே. ஊசியால் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் என்றால் தெருவே எனக்காகப் பரிதாபப்பட்டது. ஒரு வீட்டிலிருந்து காப்பி வரும், இன்னொரு வீட்டிலிருந்து உனக்கு இட்லி வரும். உண்மையைச் சொன்னால் நான் யார்? அந்தக் கேள்விக்கு முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியமில்லை.

ஒரு பொய்யை நீ சொன்னாலும் சரி, பக்கத்தில் நின்று கேட்டாலும் சரி, அது உன்னோடு நின்றுவிடாது. லைனில் அதற்குப் பிறகு ஒருவரும் கையை நீட்டவில்லை. அடுத்த சுற்று ஊசிக்காரர்கள் வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆடியில் பக்கத்து வீட்டு முத்தையனுக்கு வாந்தி பேதி கண்டு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தான். களிமண் மிதிக்கிற ஆள், தேக்கு மாதிரி உடம்பு, வெறும் எலும்பாகத் திரும்பி வந்தான். பார்க்கப் போன என்னிடம், "நல்ல வேள சார், ஊசி போட்டுக்கல. அதையும் போட்டிருந்தா நம்ம சரோஜாம்மா மாதிரி போயே சேந்திருப்பேன்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன் செல்வி. வாங்கிப் போன ஆரஞ்சுப் பழத்தை உரித்து அவனுக்குக் கொடுத்துக்கொண்டே சிரித்தேன்.

இந்த வருஷம் மாசியில் கோதண்டம் மாமா உன்னைக் கூட்டிப் போக வந்தார். ஷிப்டுக்குப் போகிறவனால் உன்னை வளர்க்க முடியாது, அத்தை பார்த்துக்கொள்வாள் என்று முன்பே பேசி முடிவு செய்திருந்தோம். நானும் கூட வந்து ஒரு வாரம் இருந்துவிட்டு, பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. கிளம்பும்போது மாமா சொன்னார்: "ஒண்ணு மட்டும் சொல்லிப்புடறேன் மாப்ள. எந்தங்கச்சி புள்ளைக்கு இனிமே எந்த ஊசியும் கெடையாது. அம்மைக்கும் கெடையாது, எதுக்கும் கெடையாது. சாமி பாத்துக்கும்." நான் உன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். சரி என்றேன். சரி என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. வழி முழுக்க உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம். ஊசிச் சீட்டு இல்லாத யாரையும் ஏற்றக் கூடாது என்று கண்டக்டர்களுக்கு உத்தரவு. வேப்பமரத்தடியில் மேஜை போட்டு வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பெண், "இந்தக் கையில போட்டா நான் எப்பிடி மாவாட்டுறது?" என்று தகராறு செய்துகொண்டிருந்தாள். "அந்தக் கையில போடறேன் வா." "அந்தக் கையில போட்டா புள்ளைய யாரு தூக்குறது?" "அப்ப உம் புருசனுக்கு ரெண்டு கையிலயும் போட்டு வுடறேன். ஒரு வாரத்துக்கு உன்ன அடிக்க மாட்டான்." வரிசையே சிரித்தது. சிரிப்பு மூட்டிய குரல் ஸ்டெல்லா நர்ஸம்மாவுடையது. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்த ஊருல ஊசி போட வேற ஆளே இல்லியா?" என்று மாமா குரலை உயர்த்தினார். "எந்தங்கச்சிய அனுப்பி வெச்ச கையி. அதுகிட்டயே புள்ளையயும் நீட்டணுமா?"

"வேணாம்னா வேணாங்க. நான் யாரையும் கட்டாயப்படுத்தல. தள்ளி நின்னீங்கன்னா அடுத்த ஆளு வரும்" என்றார் அவர். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் அவர் இனி எதையும் எதிர்பார்க்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

"மச்சான், அவங்க சொன்னாங்க" என்றேன்.

"என்னா சொன்னாங்க?"

"மூணாம் நாளே வூட்டுக்கு வந்து சொன்னாங்க. இது ஊசி ஜுரம் இல்ல, நெஞ்சுல சளி கட்டியிருக்குது, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. நான்தான் போகல. அவங்களத் தொரத்தி வுட்டுட்டு ரெண்டு நாளு வூட்லயே வெச்சிருந்தேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வருசமா ஏன் மாப்ள எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அவங்களத் திட்டுனப்ப... எனக்கு அது வசதியா இருந்துச்சு."

மாமா என் தோளிலிருந்து உன்னை வாங்கிக்கொண்டார். நீ தூக்கக் கலக்கத்தில் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். மாமா மேஜைக்குப் போய், மன்னிப்பு என்று ஒன்றும் கேட்காமல், உன் சட்டைக் கையை அவரே மடித்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "போடுங்கம்மா" என்றார். நீ வீரிட்டாய். அவர் தன் கையையும் நீட்டினார்.

"ஜுரம் வருமா?"

"சாயங்காலம் வரும். கை வீங்கும். நாளைக்கி எறங்கிடும், பயப்பட வேணாம்." நர்ஸம்மா பஞ்சை வைத்து அழுத்தினார். "அதுக்கப்புறமும் ஜுரம் இருந்துச்சுன்னா, யாரு என்னா சொன்னாலும் கேக்காதீங்க. தூக்கிக்கிட்டு போயிடுங்க."

சீட்டை வாங்கிக்கொண்டு மாமா பஸ்ஸுக்கு நடந்தார். நான் பையோடு பின்னால் போனேன். படியில் ஏறியவர் திரும்பிப் பையை மட்டும் வாங்கிக்கொண்டார். "நீங்க வர வேணாம் மாப்ள. நானாச் சொல்லி அனுப்புற வரைக்கும் வர வேணாம்." பஸ் கிளம்பியது. நீ ஜன்னல் பக்கம் இல்லை. எந்தப் பக்கம் இருந்தாய் என்று தெரியவில்லை.

திரும்பி மேஜைக்கு வந்து ஸ்டெல்லா அம்மாவின் முன்னால் நின்றேன். கையை நீட்டினேன். அவர் ஊசியைப் போட்டார். மறுநாள் காலையில் காய்ச்சலோடு எழுந்து, லைனில் இருக்கிற பதினோரு வீட்டுக்கும் போய் இதையே சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து சொன்னேன். முத்தையன் குந்தி உட்கார்ந்து கடைசிவரை கேட்டான். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டான். அவன் பெண்டாட்டி, "அன்னிக்கி நான் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டாவது போயிருக்கணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவள்மேல் என்ன தப்பு? இப்போது ஒருவர் வீட்டிலிருந்தும் காப்பி வருவதில்லை. ஊசிக்காரர்கள் வந்தபோது ஏழு வீட்டில் கதவு திறந்தது, நாலு வீட்டில் திறக்கவில்லை. அந்த நாலுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். மறுபடியும் போவேன்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் அப்பா என்று ஒருவன் இருந்தால் ஏதாவது சொல்லத்தான் செய்வான். உன்னை நம்பி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாதே, பயப்படு. உனக்குத் தெரிந்ததற்கு மாறாக ஒருவர் பேசினால், அவர் என்ன படித்தவர் என்று பார்க்காதே. அவர் எதைக் காட்டுகிறாரோ அதைப் போய்ப் பார். ஸ்டெல்லா அம்மா உதட்டைப் பார் என்றார். நான் பார்க்கவில்லை. அது என்ன நிறத்தில் இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் கண் தாளில் இருந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு நிறுத்தலாம் என்று இருந்தபோது தபால்காரர் ஒரு கார்டைப் போட்டுவிட்டுப் போனார். கோதண்டம் மாமாவின் எழுத்து. அன்புள்ள என்று இல்லை, நலமா என்று இல்லை, அடியில் கையெழுத்தும் இல்லை. நாலே வரி. அப்படியே எழுதுகிறேன்:

"குழந்தைக்கு அன்று சாயங்காலம் காய்ச்சல் இருந்தது. மறுநாள் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை. இருந்தாலும் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம்."

அப்பா